எஸ்க்யூஎல் பரிவர்த்தனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே தரவுத்தளத்தைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுவோர் மீண்டும் மீண்டும் எழுப்பும் ஐயங்களுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. எஸ்க்யூஎல் மொழியில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களை எண்ணியே இவை எழுதப்பட்டன. கட்டளைகளின் பெயர்களை அவை ஒலிக்கும்படியே தந்திருக்கிறேன்.

பரிவர்த்தனை என்றால் என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கட்டளைகளைப் பிரிக்க முடியாத ஒரே செயலாகத் தரவுத்தளத்திடம் ஒப்படைப்பதே பரிவர்த்தனை. பிகின் என்று தொடங்கி, வேண்டிய இன்சர்ட், அப்டேட், டெலீட் கட்டளைகளை அனுப்பிவிட்டுக் கமிட் என்று முடித்தால் அத்தனை மாற்றங்களும் நிலைபெறும். இடையில் ரோல்பேக் என்று சொன்னாலோ, இணைப்பு அறுந்தாலோ, சர்வரே நின்றுபோனாலோ, அதுவரை செய்த எதுவும் நடக்காததுபோல் தரவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முதல் கணக்கில் 1000, இரண்டாம் கணக்கில் 200 இருப்பதாகக் கொள்வோம். 300-ஐ மாற்ற இரண்டு அப்டேட்கள் தேவை. முதல் அப்டேட் முடிந்து இரண்டாவது தொடங்குமுன் நிரல் செத்துவிட்டால் 700, 200 என்று நிற்கும். 300 எங்கும் இல்லாமல் போய்விடும். இரண்டையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்திருந்தால் மறுபடி எழும்போது 1000, 200 என்றே இருக்கும்.

ஆசிட் என்ற நான்கெழுத்துச் சொல் எதைக் குறிக்கிறது?

அணுத்தன்மை (செய்தால் எல்லாம், இல்லையேல் எதுவுமில்லை), முரணின்மை (விதிகள் மீறப்படாமை), தனிமை (ஒரே நேரத்தில் ஓடுபவை ஒன்றில் ஒன்று குறுக்கிடாமை), நிலைப்பு (கமிட் ஆனது அழியாமை) ஆகிய நான்கு பண்புகளின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தது அது. பரிவர்த்தனை என்ற கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர் ஜிம் கிரே. அவருக்குக் கணினியியலின் உயரிய விருதான டியூரிங் விருது 1998-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. ஆசிட் என்ற பெயரை 1983-இல் தியோ ஹெர்டர், ஆண்ட்ரியாஸ் ராய்ட்டர் என்ற இருவர் தம் கட்டுரையில் சூட்டினார்கள்.

நான்கில் முரணின்மை மட்டும் சற்று வேறு வகை. மற்ற மூன்றையும் தரவுத்தளம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இருப்பு ஒருபோதும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது உங்கள் விதி. அதை நீங்கள் சொல்லாதவரை தரவுத்தளத்துக்குத் தெரியாது. செக், யுனீக், ஃபாரின் கீ போன்ற கட்டுப்பாடுகளாக எழுதிவைத்த விதிகளை அது கண்டிப்பாகக் காக்கும். எழுதாமல் விட்ட விதிகளைக் காக்கும் வேலை உங்கள் நிரலுடையது.

பிகின் எழுதாமல் விட்டால் பரிவர்த்தனையே இல்லையா?

உண்டு. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய தரவுத்தளங்களில் ஆட்டோகமிட் முறை இயல்பாக இயங்குகிறது; அதன்படி ஒவ்வொரு கட்டளையும் தனக்குத்தானே ஒரு பரிவர்த்தனை. பத்தாயிரம் பதிவுகளை மாற்றும் ஒற்றை அப்டேட் ஒன்பதாயிரமாவது பதிவில் தடுக்கி விழுந்தால், முன்பு மாற்றியவையும் திரும்பிவிடும். ஆனால் நிரல்மொழியின் இணைப்பு நூலகம் இந்த இயல்பை மாற்றியிருக்கலாம். பைத்தானின் சைகோபிஜி2, முதல் கட்டளையை அனுப்பும்போதே உங்களைக் கேட்காமல் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கிவிடும். கமிட் சொல்ல மறந்தால் எழுதியதெல்லாம் காற்றில் போகும். புதியவர்கள், "இன்சர்ட் பிழையின்றி ஓடியது, அட்டவணையில் மட்டும் ஒன்றும் இல்லை" என்று குழம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய மைஐசாம் வகை அட்டவணைகளில் பரிவர்த்தனை என்பதே கிடையாது. அங்கே ரோல்பேக் சொன்னாலும் மாற்றங்கள் அப்படியே நிற்கும். 5.5 பதிப்பு முதல் பரிவர்த்தனை வசதியுள்ள இன்னோடிபி இயல்பு வகையாகிவிட்டது என்றாலும், பழைய தரவுத்தளம் ஒன்று கைக்கு வரும்போது இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பிகின், கமிட் இரண்டும் இட்டிருக்கிறேன். ஆனாலும் கணக்கு தப்புகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். பிகினும் கமிட்டும் தாமாக முழுமையாகத் தருவது, செய்தால் எல்லாவற்றையும் செய்வது, இல்லையேல் எதையும் செய்யாமல் விடுவது என்ற உறுதியை மட்டுமே. நீங்கள் படித்த மதிப்பு, நீங்கள் எழுதும் கணம்வரை மாறாமல் இருக்கும் என்ற உறுதி அதில் அடங்கவில்லை.

நிரல்களில் அடிக்கடி காணப்படும் வடிவம் இது: செலக்ட் இட்டு இருப்பைப் படிக்கிறோம், நிரலுக்குள் கழிக்கிறோம், வந்த விடையை அப்டேட் இட்டு எழுதுகிறோம். இருப்பு 1000 உள்ள ஒரே கணக்கில் இரண்டு அமர்வுகள் ஒரே நேரத்தில் இப்படி வேலை செய்தால் என்ன ஆகும் என்று வரிசையாகப் பாருங்கள்.

முதல் அமர்வு பிகின் சொல்லி இருப்பைப் படிக்கிறது: 1000.
இரண்டாம் அமர்வும் பிகின் சொல்லி இருப்பைப் படிக்கிறது: 1000.
முதல் அமர்வு 300-ஐக் கழித்து, இருப்பு = 700 என்று எழுதிக் கமிட் செய்கிறது.
இரண்டாம் அமர்வு 500-ஐக் கழித்து, இருப்பு = 500 என்று எழுதிக் கமிட் செய்கிறது.

வெளியே போனது 800. மீதம் 200 நிற்க வேண்டிய இடத்தில் 500 நிற்கிறது. முதல் அமர்வின் வேலை தடயமின்றி அழிந்துவிட்டது. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை, இரண்டு கமிட்களும் வெற்றி. தொலைந்த மாற்றம் என்று இதைச் சொல்வார்கள். சோதனைக் கணினியில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும்போது இது வெளிப்படவே வெளிப்படாது; அதனால்தான் இது இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

தீர்க்க வழிகள் உண்டு. முடிந்த இடத்திலெல்லாம் நான் முதலில் நாடுவது, படிப்பதையும் எழுதுவதையும் ஒரே கட்டளையாக்கிவிடுவது:

அப்டேட் கணக்கு செட் இருப்பு = இருப்பு - 500 வேர் எண் = 1 அண்ட் இருப்பு >= 500

கழித்தல் தரவுத்தளத்துக்குள்ளேயே, அந்தப் பதிவின் பூட்டைப் பிடித்த நிலையில் (அதாவது வேறு யாரும் அதை மாற்ற முடியாதபடி), அப்போதைய மதிப்பின்மேல் நடக்கிறது. கட்டளை முடிந்ததும் எத்தனை பதிவுகள் மாறின என்ற எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். 1 என்றால் வேலை முடிந்தது. 0 என்றால் இருப்பு போதவில்லை அல்லது அந்தக் கணக்கே இல்லை. இந்த எண்ணிக்கையைப் பார்க்காமல் அடுத்த கணக்கில் 500-ஐக் கூட்டிவிடும் நிரல்களை நான் திருத்தியிருக்கிறேன். நிபந்தனை இருந்தும் அங்கே பயனில்லாமல் போயிருந்தது.

கணக்கீடு சிக்கலானதாக இருந்து நிரலுக்குள்தான் நடந்தாக வேண்டும் என்றால், படிக்கும்போதே செலக்ட் ஃபார் அப்டேட் என்று கேளுங்கள். அந்தப் பதிவின் பூட்டு உங்கள் கைக்கு வந்துவிடும். அதே கட்டளையுடன் வரும் அடுத்தவர் நீங்கள் கமிட் செய்யும்வரை காத்திருந்து, புதிய மதிப்பைப் படிப்பார். சாதாரண செலக்ட் இட்டு வருபவரை இது நிறுத்தாது என்பதால், அந்தப் பதிவை மாற்றக்கூடிய நிரல்பாதைகள் அனைத்தும் இதே ஒழுங்கைப் பின்பற்றினால்தான் பயன்.

பயனர் ஒரு படிவத்தைத் திறந்து, நிதானமாகத் திருத்தி, பத்து நிமிடம் கழித்துச் சேமிக்கிறார் என்றால் பூட்டு உதவாது. அவ்வளவு நேரம் பிடித்துவைக்க முடியாது. அதற்கு அட்டவணையில் பதிப்பெண் என்று ஒரு புலம் சேர்த்து, படித்தபோது பதிப்பெண் 7 என்றால், எழுதும்போது பதிப்பெண் = 7 என்ற நிபந்தனையுடன் எழுதி அதை 8 ஆக்குங்கள். மாறிய பதிவுகள் 0 என்று வந்தால் இடையில் வேறொருவர் திருத்திவிட்டார் என்று பொருள். பயனரிடம் அதைச் சொல்லிவிடலாம்.

ஐசொலேஷன் லெவலை உயர்த்தினால் இவையெல்லாம் தீர்ந்துவிடாதா?

ஓரளவு தீரும். ஆனால் பெயரை நம்பி இறங்க வேண்டாம். 1992-இல் வந்த எஸ்க்யூஎல் தரம் ரீட் அன்கமிட்டெட், ரீட் கமிட்டெட், ரிப்பீட்டபிள் ரீட், சீரியலைசபிள் என்று நான்கு தனிமை நிலைகளை (ஐசொலேஷன் லெவல்), அதாவது ஒரே நேரத்தில் ஓடும் பரிவர்த்தனைகள் ஒன்றிலிருந்து ஒன்று எந்த அளவுக்குப் பிரிந்திருக்க வேண்டும் என்ற படிகளை, வகுத்தது. அந்த வரையறைகள் தெளிவற்றவை என்று 1995-இல் ஜிம் கிரே உள்ளிட்ட ஆறு பேர் ஒரு கட்டுரையில் விளக்கமாகக் காட்டினார்கள். அந்தத் தெளிவின்மையின் விளைவை இன்றும் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் இயல்பு நிலை ரீட் கமிட்டெட். இன்னோடிபியில் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட். மேலே காட்டிய தொலைந்த மாற்றத்தை போஸ்ட்கிரெஸின் ரிப்பீட்டபிள் ரீட் நிலையில் ஓட்டினால், இரண்டாம் அமர்வின் அப்டேட் பிழையுடன் நிறுத்தப்படும், கணக்கு தப்பாது. அதே பெயருள்ள நிலையில் இன்னோடிபியில் ஓட்டினால் பிழை ஏதும் வராது, 500 என்றே எழுதப்படும். ஏனென்றால் அங்கே சாதாரண செலக்ட் பரிவர்த்தனையின் முதல் வாசிப்பின்போது எடுத்த பழைய காட்சியைப் படிக்கிறது. அப்டேட்டோ கடைசியாகக் கமிட்டான பதிவின்மேல் செயல்படுகிறது. ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு கண்கள் இரண்டு காலங்களைப் பார்ப்பதுபோல.

ஆகவே எந்த நிலை வேண்டும் என்று தீர்மானிக்குமுன், நீங்கள் பயன்படுத்தும் தரவுத்தளத்தின் கையேட்டில் அந்த நிலைக்கு என்ன பொருள் என்று படித்துவிடுங்கள். இரண்டு முனையங்களைத் திறந்து, மேலே காட்டிய நான்கு வரிகளைக் கையால் தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. ஐந்து நிமிட வேலை.

தனித்தனிப் பதிவுகளை மாற்றினால் மோதலே வராது அல்லவா?

வரும், அதுவும் பிடிபடாத வகையில் வரும். ஒரு குழுவுக்குக் குறைந்தது ஒரு நிர்வாகியாவது எப்போதும் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது இருவர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் விலகல் பொத்தானை அழுத்துகிறார்கள். ஒவ்வொருவருடைய பரிவர்த்தனையும் நிர்வாகிகளை எண்ணுகிறது; இரண்டு என்று விடை வருகிறது; ஒருவர் மிஞ்சுவார் என்று முடிவுசெய்து தன் பதிவை மட்டும் மாற்றுகிறது. இருவரும் மாற்றியது வெவ்வேறு பதிவு என்பதால் எந்தப் பூட்டும் மோதவில்லை. முடிவில் குழுவுக்கு நிர்வாகியே இல்லை.

எழுத்துச் சாய்வு (ரைட் ஸ்க்யூ) எனப்படும் இந்தச் சிக்கலை போஸ்ட்கிரெஸின் ரிப்பீட்டபிள் ரீட் தடுக்காது. ஆரக்கிளில் சீரியலைசபிள் என்ற பெயருடைய நிலையும் தடுக்காது, ஏனெனில் அது உள்ளுக்குள் ஒரு கணத்தின் படத்தை வைத்து இயங்கும் ஸ்னாப்ஷாட் முறையே. 2011-இல் வந்த 9.1 பதிப்பு முதல் போஸ்ட்கிரெஸின் சீரியலைசபிள் இதைக் கண்டுபிடித்து ஒரு பரிவர்த்தனையை நிறுத்திவிடுகிறது. அந்த வசதி இல்லாத இடத்தில், இருவரும் தொட்டாக வேண்டிய பொதுவான ஒன்றைப் பூட்டுவதே எளிய வழி: ரீட் கமிட்டெட் நிலையில், எண்ணுவதற்கு முன் குழுவின் பதிவை செலக்ட் ஃபார் அப்டேட் இட்டுப் பிடித்துக்கொண்டால், இரண்டாமவர் காத்திருந்து, ஒருவர் மட்டுமே மிஞ்சியிருப்பதைப் பார்ப்பார்.

"இந்த மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறதா என்று செலக்ட் இட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் இன்சர்ட்" என்ற பழக்கமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இருவருக்கும் இல்லை என்றே விடை வரும். அதற்கு மருந்து யுனீக் கட்டுப்பாடுதான். நிரலில் எத்தனை முறை சோதித்தாலும் அதற்கு ஈடாகாது.

டெட்லாக் வந்துவிட்டது என்றால் நிரலில் தவறா?

தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. முதல் பரிவர்த்தனை 1-ஆம் கணக்கைப் பூட்டிவிட்டு 2-க்குக் காத்திருக்கிறது. இன்னொன்று 2-ஐப் பூட்டிவிட்டு 1-க்குக் காத்திருக்கிறது. இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்காதவரை இது முடியாது என்பதால், தரவுத்தளம் ஒருவரைப் பலியிட்டு மற்றவரைப் போகவிடுகிறது. இன்னோடிபி இதை உடனே கண்டுபிடிக்கும். போஸ்ட்கிரெஸ் இயல்பாக 1 நொடி காத்திருந்த பிறகே தேடத் தொடங்கும். எல்லா இடத்திலும் பூட்டுகளை ஒரே வரிசையில், எடுத்துக்காட்டாகக் கணக்கு எண்ணின் ஏறுவரிசையில், பிடித்தால் பெரும்பாலான டெட்லாக்குகள் மறைந்துவிடும். எஞ்சியவற்றுக்கு மறுமுயற்சிதான் விடை.

மறுமுயற்சி என்றால் பிழை வந்த கட்டளையை மட்டும் மறுபடி அனுப்புவதன்று. ரோல்பேக் சொல்லி, பிகினிலிருந்து, படித்த மதிப்புகளையும் புதிதாகப் படித்து, முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டும். முயற்சிகளுக்கு ஓர் உச்சவரம்பும், இடையில் ஒவ்வொரு முறையும் சற்று மாறுபடும் சிறு காத்திருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். பரிவர்த்தனைகளை ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததுபோல் வைக்க முடியாமல் போவதே வரிசையாக்கத் தோல்வி; எஸ்க்யூஎல் தரத்தின்படி அதற்கான குறி 40001. மைஎஸ்க்யூஎல்லில் டெட்லாக்கின் பிழை எண் 1213, எஸ்க்யூஎல் சர்வரில் 1205. மைஎஸ்க்யூஎல்லிலும் ஒரு 1205 உண்டு; ஆனால் அங்கே அது பூட்டுக்காகக் காத்திருந்த நேரம் தீர்ந்ததைக் குறிக்கிறது, இயல்பாக 50 நொடி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு, குழப்பத்தின் விலை அடுத்த விடையில் இருக்கிறது.

நடுவில் ஒரு கட்டளை பிழையானால் பரிவர்த்தனை முழுவதும் போய்விடுமா?

தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் வேறுபடும். போஸ்ட்கிரெஸ் கண்டிப்பானது: ஒரு கட்டளை பிழையானால், ரோல்பேக் சொல்லும்வரை அடுத்து வரும் எதையும் ஏற்காது, கமிட் என்று சொன்னாலும் ரோல்பேக்காகவே நடக்கும். மைஎஸ்க்யூஎல்லில் டெட்லாக் வந்தால் பரிவர்த்தனை முழுவதும் திரும்பிவிடும். காத்திருப்பு நேரம் தீர்ந்தால் இயல்பாக அந்த ஒரு கட்டளை மட்டுமே திரும்பும், பரிவர்த்தனையும் அதுவரை பிடித்த பூட்டுகளும் அப்படியே இருக்கும். பிழையைப் பிடித்து, ஏட்டில் எழுதிவிட்டு, நிரல் அமைதியாகக் கமிட்டுக்குப் போனால் பாதி வேலை நிலைபெற்றுவிடும். எஸ்க்யூஎல் சர்வரிலும், எக்ஸ்ஆக்ட் அபார்ட் என்ற அமைப்பை இயக்காவிட்டால், கட்டுப்பாட்டு மீறல் போன்ற பல பிழைகள் அந்தக் கட்டளையை மட்டுமே திருப்புகின்றன.

பிழை எதுவாக இருந்தாலும் வெளிப்படையாக ரோல்பேக் சொல்லும் வழக்கம் எல்லா இடத்திலும் பொருந்தும். ஒரு பகுதியை மட்டும் திருப்பிவிட்டுத் தொடர வேண்டிய உண்மையான தேவை இருந்தால் சேவ்பாயின்ட் இருக்கிறது. ஜாவாவின் ஸ்பிரிங் போன்ற சட்டகங்களை நம்பியிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: நிரலில் இடும் டிரான்சாக்ஷனல் என்ற அதன் பரிவர்த்தனைக் குறிப்பு, இயல்பாக ரன்டைம் வகைப் பிழைகளுக்கே ரோல்பேக் செய்கிறது, செக்டு வகைப் பிழை எழுந்தால் கமிட் ஆகிவிடும்.

ஒரு பரிவர்த்தனை எவ்வளவு நேரம் திறந்திருக்கலாம்?

முடிந்தவரை குறைவாக. வெளிச் சேவையின் பதிலுக்கோ மனிதரின் பதிலுக்கோ ஒரு பரிவர்த்தனை ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. பூட்டுகள் மட்டும் பிரச்சினையல்ல. போஸ்ட்கிரெஸில் பழைய பரிவர்த்தனை ஒன்று திறந்திருக்கும்வரை, அதன் பிறகு காலாவதியான பதிவுகளை வேக்யூம் என்ற துப்புரவுப் பணி அகற்ற முடியாது. இன்னோடிபியில் பழைய பதிப்புகளின் குவியல் வளர்ந்துகொண்டே போகும்.

ஒருமுறை நான் முனையத்தில் பிகின் என்று தட்டி, ஒரு பதிவைத் திருத்தி, சரிபார்த்துவிட்டுக் கமிட் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அந்த ஒரு பதிவுக்காக வரிசையில் நின்ற இணைப்புகள் இணைப்புத்தொட்டி (நிரல் பகிர்ந்து பயன்படுத்தும் இணைப்புகளின் தொகுப்பு) முழுவதையும் நிரப்பியிருந்தன. அந்தப் பதிவோடு சம்பந்தமே இல்லாத பக்கங்களும் திறக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 முதல், பரிவர்த்தனையைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் இணைப்பைக் குறித்த நேரத்தில் துண்டிக்கும் அமைப்பு இருக்கிறது. அன்றைக்கே அதை இயக்கினேன்.

கமிட் வெற்றி என்று வந்த பிறகு மின்சாரம் போனால்?

இயல்பான அமைப்புகளில் தரவு பிழைக்கும். மாற்றங்கள் முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு, அது வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே வெற்றி என்ற பதில் வருகிறது. வேகத்துக்காக போஸ்ட்கிரெஸில் அப்படிக் காத்திருக்கச் செய்யும் சின்க்ரனஸ் கமிட்டை அணைத்தால், கடைசிச் சில கமிட்கள் தொலையலாம், ஆனால் தரவு சிதையாது. எழுதியவை உண்மையிலேயே வட்டுக்குப் போகும்படி கட்டாயப்படுத்தும் எஃப்சிங்க்கை அணைத்தால் தரவே சிதையலாம். முதலாவதைத் தெரிந்து செய்யலாம். இரண்டாவதை, தொலைந்தால் கவலையில்லாத சோதனைத் தரவுக்கு மட்டும் செய்யுங்கள்.

பரிவர்த்தனைக்குள் மின்னஞ்சல் அனுப்பலாமா?

வேண்டாம். போன மின்னஞ்சலை ரோல்பேக் திரும்பக் கொண்டுவராது. கமிட்டுக்குப் பிறகு அனுப்பலாம் என்றால், இடையில் நிரல் செத்துவிட்டால் மின்னஞ்சலே போகாது. அனுப்ப வேண்டிய செய்தியை அதே பரிவர்த்தனையில் ஓர் அனுப்பு அட்டவணையில் எழுதிவிடுங்கள். தனியாக ஓடும் ஒரு பணி அதைப் படித்து அனுப்பி, அனுப்பியதாகக் குறித்துக்கொள்ளும். ஒரே செய்தி எப்போதாவது இருமுறை போகலாம். ஆனால் போகாமல் விடாது. பல பணிகள் ஒரே அட்டவணையிலிருந்து எடுப்பதாக இருந்தால், ஸ்கிப் லாக்டு என்று சேர்த்துக் கேட்டால் ஒருவர் பிடித்ததை மற்றவர் தாண்டிப் போவார், போஸ்ட்கிரெஸ் 9.5, மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் இது உண்டு.

கிரியேட் டேபிள், ஆல்டர் டேபிள் கட்டளைகளைத் திருப்ப முடியுமா?

போஸ்ட்கிரெஸில் முடியும். மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் இரண்டிலும் முடியாது; அங்கே அந்தக் கட்டளை வந்தவுடன், அதுவரை திறந்திருந்த பரிவர்த்தனை கேட்காமலே கமிட் ஆகிவிடும்.

தானாக ஏறும் எண்களில் இடைவெளி விழுகிறதே?

ரோல்பேக் ஆனாலும் எடுத்த எண் திரும்பி வராது. திரும்பி வர வேண்டுமென்றால் எல்லோரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க நேரும். இடைவெளியே கூடாத ரசீது எண் தேவை என்றால், எண்ணைத் தனி அட்டவணையில் ஒரு பதிவாக வைத்து, பூட்டி, ஏற்றுங்கள். அந்த இடம் மெதுவாகும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கமிட் அனுப்பினேன், பதில் வருமுன் இணைப்பு அறுந்தது. நடந்ததா, நடக்கவில்லையா?

இரண்டும் சாத்தியம், நிரலின் பக்கத்திலிருந்து பார்த்து மட்டும் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி செய்தால் 300 இருமுறை கழியலாம். இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவரே ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கி, அதை யுனீக் கட்டுப்பாடு உள்ள அட்டவணையில், பணத்தை மாற்றும் அதே பரிவர்த்தனைக்குள், முதல் கட்டளையாக இன்சர்ட் செய்யட்டும். மறுமுயற்சியில் அந்த இன்சர்ட் தடுக்கப்பட்டால் முதல் முறையே வேலை முடிந்துவிட்டது என்று பொருள். ரோல்பேக் செய்துவிட்டு, பழைய முடிவையே பதிலாகத் தரலாம். தடுக்கப்படாவிட்டால் முன்பு எதுவும் நடக்கவில்லை. தொடர்ந்து இரண்டு அப்டேட்களையும் அனுப்பிக் கமிட் செய்யலாம். அடையாளத்தை ஒவ்வொரு முயற்சிக்கும் புதிதாக உருவாக்கிவிடாமல், முதல் முயற்சியில் உருவாக்கியதையே மீண்டும் அனுப்ப வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.